இடது காலை முன்னே வைக்கிற தொழில்

ஜோடி ஆட்டம் கற்றுக்கொடுக்கிற தொழிலில் பாதி வேலை, வந்தவர்களை ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வைப்பது. மீதிப் பாதி, பிடித்த பிறகு இழுக்காமல் இருக்க வைப்பது.

காலை மிதித்தும் மிதிபட்டும் பிழைக்கிற அன்பர்கள் வேறு ஊரில் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள், எனக்குக் கேட்கும். நான் பதினாலு வருஷம் சுற்றுலாக் கப்பலில் இருந்தவன். சாப்பாட்டு மேஜை துடைக்கப் போனேன். ஆட ஆள் குறைந்த ஒரு சாயங்காலம் கோட்டு மாட்டி மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் துணையில்லாமல் வருகிற பயணிகளோடு ஆடுவதே வேலையாகிவிட்டது. அங்கே கற்றதுதான் ஃபாக்ஸ்டிராட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிராக நின்று, கை பிடித்து, பாட்டுக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு எட்டு மெதுவாக, இரண்டு எட்டு வேகமாக. ஆண் முன்னோக்கி நடப்பான், பெண் பின்னோக்கி நடப்பாள்.

முட்டி தேய்ந்து ஊர் திரும்பி, செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு எலக்ட்ரிகல் கடை மாடியில் போர்டு மாட்டினேன். புருஷன் முன்னால் போக, பெண்டாட்டி பத்தடி பின்னால் வருகிற ஊர் இது. எதிரெதிராக நில்லுங்கள் என்று சொன்னதற்கே முதல் வாரம் இரண்டு ஜோடிகள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கல்யாண ரிசப்ஷனில் ஆட ஆசைப்பட்டவர்கள் மட்டும் நின்றார்கள்.

மிதித்த கணக்கு

முதலில் நிலைத்து நின்ற ஜோடி இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்கு இரண்டு மாசம் இருந்தது. மூன்றாவது எட்டில் அவர் அந்தப் பெண்ணின் காலை மிதித்தார். மிதித்தால் என்ன, கப்பலில் ஒரு சிரிப்போடு ஆட்டம் தொடரும். இவர் சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டிக்கப் போகிறவர் தன் காலைத் தொடுவதா என்று அவள் பதறி, அவர் கையைத் தடுக்கக் குனிந்தாள். இரண்டு தலையும் மோதியது. அதற்குள் பாட்டு எங்கேயோ போய்விட்டது.

நம் ஊரில் யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிடாமல் இருக்க முடியாது, எனக்கும் அது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் எட்டு எட்டுக்கு ஐந்து தரம் குனிந்தால் அது ஆட்டமில்லை, தோப்புக்கரணம். மிதித்ததையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு முடிந்ததும் மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி சொன்னேன். நிம்மதியாக ஆடினார்கள். பாட்டு முடிந்தது. அவர் கணக்கு வாத்தியார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து கவலையோடு கேட்டார்: "பதினோரு தடவை மிதிச்சிட்டேன் மாஸ்டர். மொத்தமா ஒரு தடவை தொட்டா போதுமா, பதினோரு தடவையும் தொடணுமா?"

யாரைப் பிடித்துப் பழகுவது

கப்பலில் கற்றுக்கொடுக்கிறவன் எல்லாப் பெண்களோடும் ஆடிக் காட்டுவான். இங்கே அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் கையை நான் பிடித்தால், மறுநாள் என் போர்டும் இருக்காது, கையும் இருக்காது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். நான் பெண் மாதிரி பின்னோக்கி நடப்பேன், புருஷன்மார் என்னைப் பிடித்துப் பழக வேண்டும். பெண்களுக்கு என் மனைவி வசந்தா ஆண் மாதிரி நின்று பழக்குவாள்.

அவலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர், இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக மனைவியோடு வந்தார். முதல் நாள் வண்டிமாட்டை இழுப்பதுபோல என்னை இழுத்தார். ஐயா, ஆட்டத்தை நடத்துகிறவன் இழுக்கக் கூடாது, உங்கள் நெஞ்சு நகர்ந்தால் எதிரில் இருப்பவருக்குத் தானே புரியும் என்று ஒரு வாரம் சொன்னேன். பிடிபட்டுவிட்டது. மீசை வைத்த என்னை அந்த மனுஷர் அவ்வளவு பதவிசாக அழைத்துப்போனார். எட்டாம் நாள் அவருடைய மனைவியை எதிரில் நிறுத்தினேன். மரம் மாதிரி நின்றுவிட்டார். என்னவாயிற்று என்று ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உங்களோட ஆடறப்போ நல்லா வருது மாஸ்டர். இவ எதிர்ல வந்து நின்னா, நான் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிக்கத்தான் தோணுது."

வசந்தா

வசந்தா ஆடத் தெரியாதவள். பெண்களுக்காக ஆணின் எட்டுகளை மட்டும் மூன்று நாளில் கற்றுக்கொண்டாள். எனக்கு மூன்று மாசம் ஆனது. அவள் கை வைத்தால் எந்தப் பெண்ணும் தடுமாறுவதில்லை. இழுப்பும் இல்லை, தள்ளலும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. எங்கே கற்றாய் இந்தப் பக்குவத்தை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "பதினாலு வருஷம் நீங்க கப்பல்ல ஆடிகினு இருந்தீங்களே, இங்க வூட்டை யாரு நடத்திகினு போனான்னு நெனச்சீங்க?"

வலது காலா, இடது காலா

ஃபாக்ஸ்டிராட்டில் ஆண் முதலில் இடது காலை முன்னே வைக்க வேண்டும். இதை மாற்ற முடியாது. ஒரு மாப்பிள்ளைப் பையனின் அம்மா கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் பிள்ளை கல்யாண மேடையில் இடது காலை எடுத்து வைப்பதா என்று எழுந்துவிட்டார். நான் சமாளித்தேன். ஆண் இடது காலை வைக்கும்போதே எதிரில் மருமகள் வலது காலைத்தான் எடுக்கிறாள், ஆகவே மங்களத்துக்குக் குறைவில்லை என்று விளக்கினேன். அந்த அம்மா வலது கால் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். பின்னோக்கி என்று சொன்னேன். நடந்து காட்டச் சொன்னார். பெண் காட்டினாள். உற்றுப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "வூட்டுக்கு வர்ற பொண்ணு வலது காலை எடுத்து பின்னாலயே போச்சின்னா, வாசப்படியத் தாண்டி வெளியதான போவும்?"



நிலைப்படியில் நின்றவர்

இதுவரை சொன்னது சிரிக்கிற விஷயம். இனிமேல் சொல்லப்போவது ஏழுமலை அண்ணன் விஷயம். வல்லத்துக்காரர், முப்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். அவரும் மனைவி அஞ்சலை அக்காவும் ஒருநாள் காலையில் மாடி ஏறி வந்தார்கள். பதினெட்டுப் படியையும் நன்றாகத்தான் ஏறினார். வாசல் நிலைப்படிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வாங்கண்ணே என்றேன். சிரித்தார். வரவில்லை. இரண்டு காலும் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தன, முட்டி மட்டும் நடுங்கியது.

நடுக்குவாதம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்து சாப்பிடுகிறார். சில நேரம் நன்றாக நடப்பார், வாசலையோ குறுகிய இடத்தையோ கண்டால் கால் நின்றுவிடும். பாட்டு வைத்து நடந்து பழகினால் கொஞ்சம் உதவும் என்று அதே டாக்டர் சொல்ல, அவர் மகள் என் போர்டைப் பார்த்துவிட்டுப் போய் வீட்டில் சொல்லியிருக்கிறாள். மகளுக்கு மூன்று மாசத்தில் கல்யாணம். நான் வைத்தியன் இல்லை, என்னால் எதையும் குணப்படுத்த முடியாது என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் குணப்படுத்தச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கப் போறேன் மாஸ்டர். என்னைத் தூக்கிகினு போயி மணவறையில வெக்கக் கூடாது. அது ஒண்ணுதான்."

கிளட்ச்

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் அவர் எதிரில் நின்று பின்னோக்கிப் போவேன், அவர் வர மாட்டார். எட்டு எண்ணினேன், கை தட்டினேன், பாட்டை மாற்றினேன். எனக்கே சலித்துப்போய், முதலில் இடது காலண்ணே, இடது கால் என்று கொஞ்சம் கடுப்பாகச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இடது காலைப் பார்த்தார். வண்டி எடுக்கும்போது முதலில் வேலை செய்வது இடது கால்தான், கிளட்ச் மிதிக்காமல் கியர் விழாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கி, கிளட்சை மிதிக்கிற மாதிரி ஒருதரம் அழுத்தினார். கால் தரையை விட்டுக் கிளம்பியது. நான் பின்னால் போனேன். அவர் வந்தார். கூடத்தின் அந்தக் கோடிவரை வந்துவிட்டார்.

அப்புறம் நாங்கள் எட்டு எண்ணவே இல்லை. முதல் இரண்டு எட்டு இரண்டாவது கியர், அடுத்த இரண்டு எட்டு மூன்றாவது கியர், திருப்பத்தில் பிரேக். எனக்கு ஆனந்தமாக இருந்தது. பதினாலு வருஷத்தில் ஒரு பயணிகூட என்னை இவ்வளவு பத்திரமாக நடத்தியதில்லை. அதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அறுவது பேரை ஏத்திகினு திருவண்ணாமலை கார்த்திகைக் கூட்டத்துல ஓட்டுனவன் மாஸ்டர் நானு. நீங்க ஒரு ஆளு."

கடிகாரம்

அஞ்சலை அக்காவைப் பழக்குவதுதான் பெரும்பாடு. புருஷனின் பெயரை இதுவரை வாயால் சொல்லாதவர். நாலு பேர் எதிரில் அவர் பக்கத்தில் உட்காரவே மாட்டார். வேறு யாரும் இல்லாத நேரத்தில்தான் வருவேன் என்றார், சரி என்றோம். ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னார், மூடினோம். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். கற்றுக்கொடுக்கிறவன் சுவரைப் பார்த்து நின்றேன். அண்ணன் தோளில் இரண்டு விரல் மட்டும், அதுவும் சூடான கல்லைத் தொடுவதுபோல வைத்ததாக வசந்தா சொன்னாள்.

ஃபாக்ஸ்டிராட்டில் பெண் ஆணின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவன் தோளுக்கு மேலே தூரத்தில் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் அக்காவுக்கு உயிர் வந்தது. எங்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மாசம் ஆடினார். வசந்தா பழக்கியதில் எட்டுகள் சுத்தமாக வந்துவிட்டன. அண்ணன் நகர்ந்தால் நகர்வார், நின்றால் நிற்பார். பின்பற்றுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை என்று பாராட்டினேன். வெட்கத்தோடு சொன்னார்: "அவரு எங்க போறாருன்னே தெரியல மாஸ்டர். மணி மட்டும் பதினொண்ணரை ஆயிடுச்சி."

நான்கு நாள் வராமல் இருந்தது

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு பேரும் அவலூர்பேட்டைக்குப் பத்திரிகை வைக்கப் போனார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கதவருகில் அண்ணனுக்குக் கால் நின்றுவிட்டது. பின்னால் கூட்டம் நெருக்கியது. கண்டக்டர் புதுப் பையன், அவருக்கு இவரைத் தெரியாது. காலையிலேயே குடித்துவிட்டு வந்தால் இப்படித்தான் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டார். அதே வழியில் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர் அண்ணன். இறங்கி, பத்திரிகை வைக்காமலே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். இனி ஆட்டமும் வேண்டாம், நடையும் வேண்டாம், நாற்காலியிலேயே தூக்கிப் போகட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

இதைச் சொல்ல அக்கா தனியாக மாடி ஏறி வந்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: ஆடும்போது அவர் நின்றுவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லிக்கொடுங்கள். தொழில் தெரிந்தவன் என்ற கர்வத்தில், பின்பற்றுகிறவர் ஒன்றும் செய்யக் கூடாது, நடத்துகிறவர் நகரும்வரை காத்திருப்பதுதான் முறை என்றேன். அக்கா திருப்பிக் கேட்டார்: "முப்பத்திரண்டு வருஷமா அதைத்தான் மாஸ்டர் பண்ணிகினு இருக்கேன். அதுக்கு இம்மாம் படி ஏறி வரணுமா?"

முகூர்த்தம்

ஐந்தாம் நாள் அண்ணன் வந்தார். மகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப்போனாள். நடந்தார், ஆனால் பழைய தெம்பு இல்லை. மண்டபத்திலும் கால் நின்றுவிடுமோ என்று எனக்குள் பயம் இருந்தது.

கல்யாண மண்டபத்தில் நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மணமகள் அறையின் கதவு நேராக மேடையில் திறக்கும். அங்கிருந்து மணவறைக்கு ஏழெட்டு எட்டு இருக்கும். மகளும் மாப்பிள்ளையும் மணவறையில் உட்கார்ந்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று ஐயர் சொன்னார். பட்டு வேட்டியில் அண்ணன் வந்தார். பின்னால் தண்ணீர்ச் சொம்போடு அக்கா. நான் எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்தது. நிலைப்படியில் நின்றுவிட்டார். நாதஸ்வரமும் மேளமும் காதைப் பிளந்தன. கிளட்ச் அண்ணே, கிளட்ச் என்று நான் முன்னால் ஓடிப்போய்க் கத்தினேன். என் காதுக்கே கேட்கவில்லை. ஐயர் இரண்டாம் தரம் கூப்பிட்டார். மணவறையிலிருந்து மகள் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் தம்பி எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்களோடு வந்தார். அதைப் பார்த்ததும் அண்ணனின் கை கதவில் இன்னும் மோசமாக நடுங்கியது.

அக்கா சொம்பைத் தம்பி கையில் திணித்தார். அதை வாங்க அவர் நாற்காலியைக் கீழே விட வேண்டியதாயிற்று. அக்கா அண்ணனைச் சுற்றிக்கொண்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வந்தார். சபைக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேர் எதிராக நின்றார். ஒரு கையால் அவர் கையைப் பிடித்தார். மற்றக் கையை அவர் தோளில் வைத்தார். இரண்டு விரல் இல்லை, முழுக் கை. அவர் நகரும்வரை காத்திருக்கவும் இல்லை. தன் வலது காலைத் தானே முதலில் பின்னால் எடுத்து வைத்தார். எங்கள் தொழிலில் அது பெரிய குற்றம். அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார். இடது கால் நிலைப்படியைத் தாண்டியது. அப்புறம் மெதுவாக ஒன்று, மெதுவாக இன்னொன்று. வேக எட்டே வைக்கவில்லை, எல்லாமே மெதுவாகத்தான். சிலர் சிரித்தார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். இந்தப் பக்கம் திரும்புங்கம்மா என்று போட்டோகிராபர் கெஞ்சினார். அக்கா திரும்பவே இல்லை. மணவறைப் பலகையில் அண்ணனை உட்காரவைத்த பிறகுதான் கையை எடுத்தார். அண்ணன் தாரை வார்த்தார். கை நடுங்கியதில் தண்ணீர் கொஞ்சம் மாப்பிள்ளை வேட்டியிலும் விழுந்தது.

பந்தியில் அக்கா எங்கள் இலைக்கு எதிரில் வந்து நின்று, இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொன்னார். ஜன்னல் திரையை மூடச் சொன்னவராயிற்றே, இவ்வளவு ஜனத்துக்கு நடுவில் வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "நான் அவரு மூஞ்சியப் பாத்துகினேதான் பின்னால போனேன் மாஸ்டர். ஜனமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால இருந்துச்சி, எனக்கு இன்னா தெரியும்?"

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு செஞ்சியில் என்னை ஆட்டக்காரன் என்று ஒருவரும் சொல்வதில்லை, வைத்தியர் என்று நம்பி வாரத்துக்கு இரண்டு பேராவது மூட்டுவலிக்கு எண்ணெய் கேட்டு மாடி ஏறி வருகிறார்கள்.